சூடு பிடிக்காத வண்டி

வண்டியை நிறுத்தி இறங்கியதும் தரகரின் வலது உள்ளங்கை, யாரையும் கேட்காமல், என்ஜினின் இடதுபக்கம் போய் உட்கார்ந்தது. வருஷக்கணக்கான பழக்கம். அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போய், மேடும் பள்ளமுமாக அத்தனை தூரம் உறுமிக்கொண்டு திரும்பிய வண்டி. தொட்ட கை துள்ளி விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. ராத்திரி முழுக்க வெளியே தொங்கிய பூட்டைத் தொட்டதுபோல அந்த இரும்பு ஜில்லென்றிருந்தது. அவர் கையை எடுத்து, பார்த்து, பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். அதே குளிர். தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. பனி இறங்கி எல்லாக் கதவுகளையும் சாத்த வைத்திருந்த அந்தத் தெருவில், அவர் கைக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று பட்டது.

அந்தக் கையை வைத்துத்தான் அவர் பிழைப்பே. பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிறவர். ஊரில் அவருக்குச் 'சூட்டுக்கை' என்று பெயர். குளிரில் கிளம்ப மறுக்கிற வண்டியை விற்றுத் தள்ளிவிட நினைக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற வித்தை ஒன்றுதான்: ஆள் வருவதற்கு முன்னால் ஓட்டிச் சூடேற்றி, துடைத்து நிறுத்திவிட்டு, இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். இவர் போவார். குடும்ப நலம் விசாரிப்பார், குடிக்கத் தண்ணீர் கேட்பார், பேச்சோடு பேச்சாகக் கையை என்ஜின் மேல் வைப்பார். வெதுவெதுப்பு தெரிந்தால் போதும். "என்னண்ணே, வண்டி காலையிலேயே கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிட்டு வந்துடுச்சா?" என்பார். அதற்கப்புறம் விலை படியிறங்க ஆரம்பித்தால் தரை தட்டும்வரை நிற்காது.

இந்தச் சின்ன வண்டியை வாங்கும்போது அவர் ஏமாந்ததே அதில்தான். கை சில்லென்று சொன்னது. யோக்கியமான வண்டி என்று நினைத்துவிட்டார்.

குளிர் கூடக்கூட வண்டி அவர் மானத்தை வாங்கியது. குளிரில் பெட்ரோலைக் கூட்டித் தருகிற சோக்கை இழுத்து உதைத்தால் இருமும், தும்மும், கறுப்புப் புகை விடும். சோக்கைத் தள்ளியவுடன் உயிரை விடும். வீட்டில் மனைவி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் வண்டி பாத்துக் கொடுக்கிற ஆளு நீங்கதானா? இல்ல, வேற யாராவதா?"

"சும்மா இரு. மத்ததெல்லாம் நல்ல விலைக்குப் போயிடுச்சு. இது நமக்கு இருக்கட்டும்னு வெச்சேன்."

"இந்த வீட்ல விலை பேசாத பொருள் நானும் பாப்பாவும்தான்."

"கேக்கறதுக்கு ஆள் வரணுமே."

ஜன்னல் வழியாக ஈரத்துணி ஒன்று பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. உள்ளே மகள் கெக்கெக்கே என்று சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு இருமல் இருந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவியின் தம்பி மெக்கானிக். தன் கொட்டகையில் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினான்.

"பாருங்க மாமா, அடுப்புக்கரி. என்ஜின் சூடாகாம ஓடினா இப்படித்தான் கரி பிடிக்கும்."

"அதைச் சரி பண்ணத்தானே மச்சான் உன்கிட்ட வந்திருக்கேன்? கரியைக் காட்டிட்டுக் காசு கேப்பே போலிருக்கே."

அவன் கைதேர்ந்த வேலைக்காரன், பேச்சுக்குப் பேச்சு கொடுத்துக்கொண்டே கை ஓடியது. புது பிளக் போட்டுப் பார்த்தான். பொறி நீலமாக, சுத்தமாக விழுந்தது. கார்புரேட்டரைப் பிரித்து, ஊசி நுழையாத துளைகளையெல்லாம் காற்றடித்து ஊதினான். அதன் அடிக் கிண்ணத்தில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தான். சோக் கம்பி சிக்காமல் போய் வருகிறதா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, ஆயில் கெட்டியாகிவிட்டதா என்று வரிசையாகப் பார்த்தான். எல்லாம் குறையில்லாமல் இருந்தன. வண்டியைக் கிளப்பி, சோக்கை இழுத்தபடியே வெகுநேரம் ஓடவிட்டான். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, விரலை நனைத்து, என்ஜினின் வலதுபக்கத் தகடுகள் மேல் சொட்டுவிட்டான். சுர்ரென்று ஆவியாயிற்று. இடதுபக்கம் சொட்டினான். சொட்டு அப்படியே உட்கார்ந்தது. உருண்டது. தகட்டின் ஓரத்தில் தொங்கி நின்றது.

இன்னொரு சொட்டு விட்டான். அதுவும் நின்றது.

"ஒரே இரும்பு மாமா. ஒரு பக்கம் கொதிக்குது, ஒரு பக்கம்..." அவன் சிரிக்கப் பார்த்தான். "யாரோ குளிர் காயறதுக்கு இந்தப் பக்கமா சாய்ஞ்சு உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு, இடதுபக்கம் நீட்டியிருந்த காலை அவன் மெதுவாக மடக்கிக்கொண்டான். மடக்கியது அவனுக்கே தெரிந்திருக்காது. தரகருக்குத் தெரிந்தது.

"இதை எங்க பிடிச்சீங்க?"

இதைச் சொல்வதற்கு அவருக்கு உற்சாகம் உண்டு. தன்னையே மெச்சிக்கொண்டு சொன்னார். மப்ளர் சுற்றிய ஓர் ஆள் தானே ஓட்டிக்கொண்டு வந்தானாம். மலைப்பாதையிலிருந்து இறங்கி நேராக வருகிறேன் என்றானாம். இவர் கையை வைத்துப் பார்த்தால் சில்லென்றிருக்கிறது. ஏதோ வேனில் ஏற்றிக்கொண்டு வந்து தெருமுனையில் இறக்கிவிட்டு, ஓட்டி வந்தேன் என்று கதை விடுகிறான். ஆனாலும் திருட்டுச்சூடு இல்லாத வண்டி. ஒரு விலை சொன்னார். அடிமாட்டு விலை. அவன் சரி என்றான்.

"பேரமே பேசலையா?"

"ஒரு வார்த்தை பேசலை. பணத்தை எண்ணக்கூட இல்லை. போகும்போதுதான் ஒரு கூத்து. வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களான்னு கேட்டான். பொண்ணு இருக்கா, வண்டின்னா உயிருன்னு சொன்னேன். அவ்வளவுதான், மூஞ்சி மாறிடுச்சு. பணத்தை எடுத்து நீட்டறான். 'வேண்டாங்க, வண்டியைக் கொடுத்துடுங்க, நான் விக்கலை'ங்கறான். எனக்குத் தெரியாதா இந்த ஆட்டம்? விலையை ஏத்தறதுக்குக் கடைசி நேரத்துல எல்லாரும் போடற நாடகம். சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுச் சிரிச்சேன். 'கொடுத்த வாக்கு கொடுத்ததுதாண்ணே'ன்னேன். கெஞ்சினான், மச்சான். அப்படி ஒரு நடிப்பு. கடைசியில கும்பிட்டுட்டுப் போயிட்டான்."

மச்சான் சிரிக்கவில்லை. டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினான்.

"எல்லாரும் பணத்தைக் கையில வாங்கறதுக்கு முன்னாடிதானே மாமா அந்த நாடகம் போடுவாங்க?"

தரகர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"சரி விடுங்க. சின்ன என்ஜின், எதிர்க்காத்து எல்லாச் சூட்டையும் வாரிட்டுப் போயிடும். முன்னாடி ஒரு ரெக்ஸின் துண்டு கட்டித் தரேன். மனுஷனுக்குக் கம்பளி மாதிரி. ராத்திரியில வெளிய விடாதீங்க, வீட்டுக்குள்ள ஏத்திடுங்க. அவ்வளவுதான் வைத்தியம்."

அன்று ராத்திரி அவர் வண்டியை வீட்டுக்குள் ஏற்றவில்லை. பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில், ரெக்ஸின் கட்டியது கட்டியபடி, மேலே சாக்கு போட்டு நிறுத்தினார். காலையில் சாக்கு நாலாக மடித்து சீட்டின் மேல் இருந்தது. அதன்மேல் ரெக்ஸின் துண்டு. மடிப்புகள் விரலால் நீவியதுபோல் நேராக இருந்தன. ரெக்ஸினைக் கட்டிய கம்பி அறுபடவில்லை. முறுக்கு முறுக்காகப் பிரித்து, நிமிர்த்தி, பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. என்ஜினின் இடதுபக்கம் மட்டும், குளித்துவிட்டு வந்த ஆள் சாய்ந்த சுவர்போல, ஈரம் படர்ந்திருந்தது.

மச்சானின் குறும்பு என்று அவர் தீர்மானித்தார். ஓட்டை உடைசல் சரக்குக்குக் கதை கட்டி விற்பது அவர் தொழில். அன்றைக்குக் கதையைக் கட்டியவரும் அவரே, ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டவரும் அவரே.

எப்படியும் அந்த வாரமே வண்டியைத் தள்ளிவிடுவது என்று இருந்தார். அதற்குள் மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இருமல் நெஞ்சுக்குள் இறங்கி, மாலைக்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்த நர்ஸம்மா, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சா யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. எந்த நேரமா இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. தாமதம் பண்ணினா என்னால எதுவும் சொல்ல முடியாது."

பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். அந்தக் குளிரில் விடியும்வரை வாடகை வண்டி எதுவும் தலைகாட்டாது. கொட்டகையில் வரிசையாக நின்ற நல்ல வண்டிகளெல்லாம் நல்ல விலைக்குப் போயிருந்தன. மிஞ்சியது இது ஒன்று. இது கிளம்பியாக வேண்டும். அவர் உலகமே அந்த ஒரு உதையில் வந்து நின்றது.

கொட்டகையில் வைத்து வெகுநேரம் ஓடவிட்டு, வலதுபக்கம் கையே வைக்க முடியாதபடி கொதிக்க வைத்து, வண்டியை முன்னறைக்குள் ஏற்றினார். மனைவி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தன் பழைய கம்பளிச் சால்வையை எடுத்து வந்து, என்ஜினைச் சுற்றி அவளே கட்டினாள்.

"கிளம்பிடுமாங்க?"

"கிளம்பும்."

"வியாபாரத்துல சொல்ற மாதிரி சொல்லாதீங்க."

அவர் சால்வையின் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

படுக்கையறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு திரைதான். மகள் சுவரோரமாக, மனைவி அவளை ஒட்டி, கட்டிலின் இந்த ஓரத்தில் இவர். திரையின் இடுக்கு வழியாகத் தெருவிளக்கின் மங்கல் வெளிச்சத்தில் வண்டியின் ஒரு பக்கம், பின்சக்கரம் வரை, தெரிந்தது. சைடு ஸ்டாண்டில் ஒருக்களித்து நின்றது, யாருக்கோ காத்திருப்பதுபோல. பெட்ரோல் வாடையும் காய்ந்த ஆயிலின் வாடையும் வீடு முழுக்க இருந்தன. சூடான இரும்பு ஆறும்போது போடுகிற சத்தம் கேட்டது. டிக். அவருக்குத் தாலாட்டு மாதிரி பழகிய சத்தம். டிக். இரண்டுக்கும் நடுவே ஒரு தூக்கத்துக்கு இடம் இருக்கும். மகளின் மூச்சை எண்ணிக்கொண்டே அவர் கண் சொருகப் போன நேரத்தில் அந்தச் சத்தம் நெருங்க ஆரம்பித்தது. டிக், டிக். அப்புறம் தகரத்தில் மழை தொடங்குவதுபோல, டிக்டிக்டிக்கென்று, ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு. இரும்பு இவ்வளவு வேகமாக ஆறாது. யாராவது அந்தச் சூட்டை உறிஞ்சினாலொழிய.

ஆயில் வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை எழுந்தது. மனிதன் உடம்பிலேயே நனைந்து, உடம்பிலேயே காயாமல் கிடந்த கம்பளியின் வாடை.

சீட் முனகியது.

பின்பக்கத்து ஸ்பிரிங் மெல்ல, மிக மெல்ல, கீழே இறங்கியது. பாரம் ஏறுகிறது. பெரிய ஆளின் பாரம். ஸ்டாண்ட் தரையில் பதிகிறது, வேறொன்றுமில்லை என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். பேரம் படியவில்லை.

சால்வையின் முடிச்சு அவிழ்கிற சத்தம். கம்பளி இரும்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகிற சத்தம். அப்புறம் துணியை உதறி, மடித்து, உள்ளங்கையால் நீவுகிற சத்தம். நிதானமாக. ஒழுங்கான வீட்டில் வளர்ந்த ஆள்போல.

பிறகு ஒரு மூச்சு. வெளியே வெகுநேரம் நடுங்கிவிட்டு வந்து, அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கைகளை நீட்டுகிறவன் விடுவானே, அந்த மூச்சு.

ஹா...

மனைவியை எழுப்ப அவர் நினைத்தார். கை வரவில்லை. வாய் வரவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

டிக்டிக் சத்தம் தேய்ந்தது. இடைவெளி விட்டது. டிக்.

நின்றது.

இரும்பில் இனிக் கொடுக்க எதுவும் இல்லை.

ஸ்பிரிங் மேலே எழுந்தது. யாரோ இறங்கிவிட்டார்கள்.

காலடி கேட்கவில்லை. குளிர்தான் வந்தது. தரையோடு தரையாக, திரைக்கு அடியில் நுழைந்து, கட்டில் காலைச் சுற்றிக்கொண்டு. அவர் பாதத்தில் ஏறியது. முழங்காலில் நின்றது. நெஞ்சின் மேல் குனிந்தது. ஈரக்கம்பளியின் வாடை மூக்கை அடைத்தது. அவர் உடம்பு பயத்தில் விறைத்து, கை கால் சில்லிட்டுக் கிடந்தது. அது தடவிப் பார்த்தது. வெதுவெதுப்பு இருக்கிறதா என்று. சரக்கைத் தடவிப் பார்க்கிறவன் மாதிரியே.

பிடிக்கவில்லை. அவரைத் தாண்டிப் போயிற்று.

அந்த வீட்டிலேயே அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தது எது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"கையை எடுங்கப்பா," என்றாள் மகள், தூக்கத்தில். "ஜில்லுனு இருக்கு."

அவருடைய இரண்டு கைகளும் அவர் நெஞ்சின் மேல் இருந்தன.

மனைவி விழித்துக்கொண்டாள். மகளின் கழுத்தைத் தொட்டாள். "ஏங்க... காய்ச்சல் இறங்கிடுச்சு போல இருக்கே!" அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. விளக்கைப் போட்டாள். அவர் எழுந்து, உள்ளங்கையை மகளின் வலது கன்னத்தில் வைத்தார். நெருப்பு. இடது கன்னத்தில் வைத்தார்.

ராத்திரி முழுக்க வெளியே தொங்கிய பூட்டு.

மகளின் நெஞ்சு உள்ளே ஒடுங்கி ஒடுங்கி எழுந்தது. தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம்.

"மூச்சு இழுக்குது," என்றார். "கிளம்பணும். இப்பவே."

"வண்டியை எடுங்க, ஓடுங்க!" மனைவி மகளை மடியில் வாரிப் போட்டுக்கொண்டாள். தாயின் மடியில் இருக்கிறாள். அந்த ஒரு தைரியத்தில் அவர் திரையை விலக்கிக்கொண்டு ஓடினார். கால் எதிலோ தட்டியது. நாலாக மடித்த சால்வை. தெருக்கதவை அகலத் திறந்தார். வண்டியின் பின்சக்கரம் வாசலைப் பார்த்தும் ஹெட்லைட் உள்ளே பார்த்தும் நின்றது. முதலில் கிளம்பட்டும், அப்புறம் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். சாவி. பெட்ரோல். சோக்கைத் தேடிப் போன விரல் அதை எட்டுவதற்குள் காலே உதைத்துவிட்டது.

ஒரே உதை.

கிளம்பியது.

இருமவில்லை. தும்மவில்லை. கரிப்புகை இல்லை. சோக் இல்லாமல், பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்து கிடந்த என்ஜின், புது வண்டி மாதிரி வழவழவென்று ஓடியது. எந்தச் சத்தத்துக்காக இத்தனை நாள் ஏங்கினாரோ அந்தச் சத்தம்.

வண்டியில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. இப்போது அதன்மேல் யாரும் இல்லை. அவ்வளவுதான்.

"ஓடுது! அம்மாடி, ஓடுது!" மனைவி பையும் தண்ணீர்ப் பாட்டிலும் போர்வையுமாக வந்தாள். அவள் வந்தது சமையலறையிலிருந்து.

"பாப்பா?"

"படுக்க வெச்சுட்டு இதை எடுக்கப் போனேன். இதோ தூக்கிட்டு வந்துடறேன்..."

"போகாதே."

"என்னங்க?"

ஹெட்லைட்டின் வெளிச்சம் படுக்கையறைத் திரையின் மேல் வட்டமாக விழுந்திருந்தது. அந்த வட்டத்தின் நடுவில் திரை உப்பியது. ஆள் உயரத்துக்கு. மெல்ல விலகியது.

மகள் வெளியே வந்தாள்.

அவள் கால் தரையில் இல்லை. மனைவியின் தலைக்கும் மேலே, வெறும் காற்றில் தலைசாய்த்து, ஒரு கையைத் தொங்கவிட்டுத் தூங்கியபடியே, யாரோ அடிமேல் அடி வைத்து நடக்கிற தாளத்தில் வந்தாள். தோளில் போட்டுத் தூக்கி வருகிற குழந்தைக்கு உடம்பு எப்படிக் குலுங்குமோ அப்படியே குலுங்கியது. அவளுடைய இடது கன்னம், கண்ணுக்குத் தெரியாத எதன் மேலோ அழுந்தி, தட்டையாகி, வெளிறியிருந்தது. விசில் சத்தம் நின்றிருந்தது. மனைவியின் கையிலிருந்து பாட்டில் விழுந்து உருண்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு தடவைகூடத் தடுமாறாமல்.

வெளிச்சம் கண்ணில் பட்டதும் மகள் முகத்தைச் சுளித்தாள். அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி தானாகத் தூக்கிக்கொண்டது. ஒவ்வொரு இழையாக, பொறுமையாக, வெகு பிரியமாக விலகிப் போய், காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டது.